தண்ணீர்க் குழாய்

செவ்வாய்க்கிழமை.

அத்தான் தன் டீசல் பிக்கப்பில் அக்காவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வேம்பாருக்குக் கிளம்பிய பிறகுதான், என் பட்டறையில் மிச்சம் கிடந்த குழாய்ச் சுருளைப் பார்த்துக் கவனித்தேன். கியர் ஆயில் கூலரில் கசிவை நிறுத்த நான் மாட்டி அனுப்பியது ஆயில் குழாய் அல்ல, தண்ணீர்க் குழாய். சூடான ஆயில் பட்டால் அந்த ரப்பர் இளகிவிடும். பக்கத்திலேயே கொதிக்கும் சைலன்சர்; அதில் ஆயில் சொட்டினால் தீப்பிடிக்கும். போனை அவர் எடுக்கவில்லை. பைக்கில் விரட்டினேன். உப்பளம் தாண்டிப் பிடித்தபோது வண்டிக்கு அடியில் புகை வந்துகொண்டிருந்தது.

"எல்லாரும் கீழ எறங்குங்க!" என்று கத்தினேன்.

கையோடு கொண்டுவந்த சரியான குழாயை மாட்டி ஆயில் ஊற்றிய பிறகும், இரண்டு மூன்று முறை அடியில் குனிந்து பார்த்தேன். அத்தான் சிரித்தார். "ஏலே, நீ பாத்த வண்டில்லா, என்ன பயம்?"

உண்மையை நான் சொல்லவில்லை.

படுத்தும் தூக்கம் வரவில்லை. அதே சுருளில் வெட்டி, போன வாரமும் ஒரு வண்டியின் ஆயில் கூலருக்கு மாட்டினேன். யார் வண்டி என்று நினைவுக்கு வரவே மாட்டேன் என்கிறது.