இரண்டு முறை சுட்ட பிஸ்கட்

அன்புள்ளவளுக்கு,

அக்கா வீட்டில் உனக்கு எல்லாம் சௌகரியமா? இங்கே நேற்று நானே அந்த இத்தாலி பிஸ்கட்டைச் சுட்டேன்.

நீ பார்க்கும் அதே வீடியோதான். பாதாம் போட்டு மாவு பிசைந்து, நீளமாக உருட்டி ஓவனில் வைத்தேன். மெத்தென்று வெந்தது. அதைத் துண்டு போட்டு, மொறுமொறுவென்று இறுகும்வரை மறுபடியும் சுடச் சொல்கிறார்கள். வேண்டுமென்றேதான் கடினமாக்குகிறார்கள். எனக்கு அது தெரியாது.

அன்றைக்கு நீ சுட்டு வைத்ததை விருந்தாளிகள் முன்னால் எடுத்துக் காட்டி, "இதைக் கடிச்சா நாளைக்கே என் கிளினிக்குக்கு வந்துடுவீங்க" என்றேன். பல் டாக்டரே சொன்னால் சிரிக்காமல் இருப்பார்களா? நீயும் சிரித்தாய் என்றுதான், மறுநாள் நீ பெட்டியோடு கிளம்பும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று ஒன்றை எடுத்துக் கடிக்கப் போனேன். மகள் கையைப் பிடித்தாள்.

"காபில நனைச்சு சாப்பிடணும்ப்பா. அம்மா அன்னைக்கே சொன்னாங்க. நீங்க சிரிச்ச சத்தத்துல யாருக்கும் கேக்கல."

நனைத்துச் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. அவள் முகத்தைத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே ஆட்களை மறுபடி கூப்பிட்டிருக்கிறேன். எப்படிச் சாப்பிட வேண்டும் என்று நீ வந்து அவர்களுக்குச் சொல். ஊரையே வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவன், அன்றைக்கு என் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுப் பல் டாக்டர்