எங்கள் ஊர் ஊர்வலம்

செவ்வாய் இரவு, திருப்பதி

பிறந்து வளர்ந்த மெல்போர்னிலிருந்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை வேலைக்கு வந்து நான்கு மாதமாகிறது. இன்றும் கம்பெனி பஸ்ஸில் ஹாரன் சத்தம் தாங்கவில்லை. “எங்க ஊர்ல இப்படி அடிக்கவே மாட்டாங்க” என்று பக்கத்து சீட் முனுசாமி அண்ணனிடம் அலுத்துக்கொண்டேன். போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“உங்க ஊர்ல நம்மாளுங்கள வெளிய போவச் சொல்லி ஊர்வலம் போய்க்கினு கீறாங்களாமே, நெஜமா தம்பி?”

“கொஞ்சம் பேர்தாண்ணா.”

“நீ இங்கியே இருந்துடு.”

பாசமாகத்தான் சொன்னார். போனை என் பக்கம் திருப்பினார். அவர் காட்டிய வீடியோவில் இருந்தது நான் பள்ளிக்கு நடந்துபோன தெரு.

அறைக்கு வந்ததும் வெள்ளைக்காரப் பள்ளித் தோழன் டேனியலுக்கு, “நீயும் அந்த ஊர்வலத்துக்குப் போனாயா?” என்று அனுப்பினேன். உடனே படித்துவிட்டான். இதுவரை பதில் இல்லை. கேட்டிருக்கவே கூடாதோ என்னவோ.