ரொட்டி அடுப்பில் வைத்த கொடுவா

1981

ஜூன் 18, வியாழன்

காற்று. காலையிலிருந்து வாசலெல்லாம் மணல். இரண்டு தடவை பெருக்கிவிட்டு, போய்த் தொலை என்று விட்டுவிட்டேன்.

நெரவிக்குப் போய் அண்ணனைக் கூப்பிட்டாயிற்று. ஞாயிறு மத்தியானம் மூன்று பேருக்கும் இங்கே சாப்பாடு. அண்ணன், “பார்க்கலாம்.” அண்ணி, “தனியா இருக்கறவ, ஒனக்கு எதுக்கு அம்சா சிரமம்?” தனியாக இருப்பவளுக்கு வேறென்ன வேலையாம். கடைசியில் அவர்கள் மகள் சுமதிதான், “நான் அப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்துடறேன் அத்தை” என்றாள்.

என் வீட்டுக்காரர் போய் இரண்டு வருஷம். அதற்குப் பிறகு அண்ணன் இந்த வீட்டில் கை நனைக்கவில்லை. வருவார், வாசல் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடிப்பார், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்பார்.

கேட்க வேண்டியது ஒன்றுதான். சுமதிக்குக் காலேஜ் திறக்கப் போகிறது. இங்கே தலத்தெருவிலிருந்து நடந்தே போய்விடலாம். படிப்பு முடியும்வரை என்னோடு இருக்கட்டும். நெரவியிலிருந்து பஸ் இருக்கிறது, தெரியும். அண்ணனும் அதைத்தான் சொல்வார். ஆகவே சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது கேட்க வேண்டும். பசியோடு இருக்கும்போது எதைக் கேட்டாலும் இல்லை என்பார், சின்ன வயதிலிருந்தே அப்படி.

ஜூன் 19, வெள்ளி

என்ன சமைப்பது? குழம்பு வைத்தால் அண்ணி உப்பு, புளி என்று ஏதாவது சொல்வாள். குழம்பு அவளுக்குக் கைவந்தது, ஒத்துக்கொள்கிறேன். எனவே அவருடைய மீன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தவர். ஊருக்கு வந்த பிறகும் எப்போதாவது முழு மீனைக் காய்கறியோடு தட்டில் அடுக்கி ரொட்டிக்கடை அடுப்புக்கு அனுப்புவார். அண்ணிக்குத் தெரியாத சமையல். குறை சொல்ல வழியில்லை.

கொடுவா, பெரிதாக ஒன்று
உருளைக்கிழங்கு, கேரட், பெரிய வெங்காயம், தக்காளி
பூண்டு, மிளகு, எலுமிச்சை
வெண்ணெய்
தட்டு எங்கே? பரண்?

ரொட்டிக்கடை பாயிடம் சொல்லிவிட்டேன். காலை ரொட்டியும் பன்னும் எடுத்தபிறகு அடுப்பில் நெருப்பு இருக்காது, சூடு மட்டும் இருக்கும். அப்போதுதான் வீட்டுத் தட்டுகளை உள்ளே தள்ளுவார். “ஒங்க தட்டைப் பார்த்து ரொம்ப நாளாச்சேம்மா. யாரு வர்றாங்க?” “எங்கண்ணன்.” குரல் கொஞ்சம் உசந்துவிட்டது. பாய் சிரித்தார்.

ஜூன் 20, சனி

வெக்கை. தூக்கமே இல்லை.

தட்டு கிடைத்தது. துரு. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததில் விரல் எரிகிறது. மீன்காரம்மாவிடம் முழு மீனாக வேண்டும், செதில் எடுத்தால் போதும், துண்டு போடாதே என்றேன். “என்னம்மா, மாப்பிள்ளை விருந்தா?” என்கிறாள். அவளுக்கு எல்லாமே கேலி.

நடு அறையில் அவருடைய டிரங்குப் பெட்டியை ஓரமாகத் தள்ளிக் கட்டில் போட்டேன். சுமதிக்கு. தலையணைக்குப் புது உறை. அவசரக்குடுக்கை நான். இருக்கட்டும்.

எப்படிக் கேட்பது என்று சொல்லிப் பார்த்தேன். “அண்ணே, சுமதி இங்கேயே இருக்கட்டுமே.” இது சரி. “மாட்டேன்னு சொல்லிடாதீங்க அண்ணே.” இது கெஞ்சுகிற மாதிரி இருக்கிறது. வேண்டாம்.

ஜூன் 21, ஞாயிறு

விளக்கு வைத்தாயிற்று. எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் நல்ல மீன். கண் தெளிவு. வயிற்றைச் சுத்தம் செய்து, இரண்டு பக்கமும் கீறல் போட்டு, பூண்டு மிளகு அரைத்துத் தடவி, எலுமிச்சை பிழிந்தேன். உருளைக்கிழங்கு அடியில், அதுதான் கடைசியாக வேகும். மேலே வெங்காயம், கேரட், அப்புறம் மீன், மீன்மேல் தக்காளி, வெண்ணெய். தட்டை நானே தூக்கிக்கொண்டு போய்ப் பாயிடம் கொடுத்தேன்.

பதினொரு மணிக்கு மூன்று பேரும் வந்தார்கள். அண்ணி கையில் ஒரு சீப்பு பழம். அண்ணன் நடு அறையை எட்டிப் பார்த்து, “யாருக்குக் கட்டில்?” என்றார். “சும்மாதாண்ணே.” அப்போதே சொல்லியிருக்கலாம். மடச்சி.

தட்டு வந்தது. மணம் தெரு வரைக்கும். சுமதி குனிந்து பார்த்து, “தோலு எப்படி முறுகியிருக்கு பாருங்க அத்தை.” அண்ணன் தரையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, “மச்சான் இருந்தப்ப சாப்பிட்டது” என்றார். ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம். சோறு போட்டுவிட்டு மீனை எடுக்கக் கரண்டி தேடினேன். வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம்.

பூவத்திலிருந்து ஓர் ஆள். நெரவிக்குப் போய், பூட்டியிருந்ததால் அக்கம்பக்கத்தில் விசாரித்து இங்கே வந்திருக்கிறான். தலையில் துண்டு இல்லை, செருப்பைக் கழற்றவில்லை, உள்ளே வரவும் இல்லை. பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. “பெரியப்பா தவறிட்டாங்கம்மா. அண்ணன்கிட்ட சொல்லணும்.”

பூவத்துப் பெரியப்பா அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். பங்காளி. தகவல் காதில் விழுந்த நிமிஷம் அண்ணன் வீட்டுக்குத் தீட்டு. கருமாதி வரைக்கும் மீன் கிடையாது. காதில் விழாதவரை ஒன்றும் இல்லை.

உள்ளேயிருந்து அண்ணன், “யாரு அம்சா?”

கொஞ்ச நேரம் இருங்க, அவங்க சாப்பிட்டு எந்திரிக்கட்டும் என்று அந்த ஆளிடம் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. உள்ளே போய், “பெரியப்பா போயிட்டாங்களாம்ணே” என்றேன். என் வாயாலேயே.

அண்ணன் இலையை மடித்துவிட்டு எழுந்தார். வரப்புச் சண்டையில் அவரும் பெரியப்பாவும் பேச்சை நிறுத்தி எத்தனையோ வருஷம். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போன பெரியப்பா. நான் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அண்ணி என் முதுகைத் தடவிக் கொடுத்தாள், பொய் சொல்லக்கூடாது.

“நாங்க முன்னாடி போறோம், நீ மெதுவா வா” என்றார் அண்ணன். செருப்பை மாட்டிக்கொண்டே, “மீனை வீணாக்காத. நீ சாப்பிடு. ஒனக்குத்தான் தீட்டு இல்லையே.”

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் பூவம் போனேன். பெண்களோடு உட்கார்ந்து அழுதேன். சாயந்திரம் எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்து குளித்தேன். தட்டில் வெண்ணெய் உறைந்து வெள்ளையாக இருந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத வயிறு. சாப்பிட்டேன். ஒரு பக்கம் முழுவதும். உருளைக்கிழங்கில் மீன் சாறு நன்றாக இறங்கியிருந்தது. நன்றாகத்தான் இருந்தது, அதற்கே அழுகை வந்தது.

ஜூன் 22, திங்கள்

மீதி மீன் மீன்காரம்மாவுக்கு. “விருந்து எப்படிம்மா?” என்றாள். “ஆச்சு.”

வேலை ஓடவில்லை. இதே யோசனை. அண்ணி பிறந்தது கும்பகோணம் பக்கம். பெரியப்பா முகத்தை நாலு தடவை பார்த்திருப்பாளா? அவளுக்குத் தீட்டு. சுமதிக்குத் தீட்டு. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு இல்லை. கட்டிக் கொடுத்தாயிற்று. கட்டிக்கொண்டவருக்கோ அண்ணன் தம்பி கிடையாது, பங்காளி என்று ஒருவரும் கிடையாது. அப்படியென்றால் நான் யார் கணக்கு? நான் போனால் யார் வீட்டில் மீன் சட்டியை இறக்கி வைப்பார்கள்?

வண்ணான் வந்தான். இரண்டு புடவை, ஒரு போர்வை. புதுத் தலையணை உறையைப் போடவில்லை, அழுக்காகவில்லை.

ஜூலை 8, புதன்

லேசான தூறல், மண் நனையவில்லை. கருமாதி முந்தாநாள் முடிந்தது.

சாயந்திரம் அண்ணன் வந்தார். சுமதிக்கு பஸ் பாஸ் எடுத்துவிட்டு வருகிற வழியாம். எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே, “வயசுப் பொண்ணு, வீட்டோட இருந்து போய்ட்டு வரட்டும்னு ஒங்கண்ணி சொல்றா” என்றார். கட்டிலை அன்றைக்கே புரிந்துகொண்டிருக்கிறார். “சரிண்ணே” என்றேன். சண்டை போட்டிருக்கலாம். எந்த உரிமையில்?

காப்பி கொடுத்தேன். வாசல் நாற்காலியில் உட்கார்ந்து குடித்தார். நின்றுகொண்டே கேட்டேன்.

“அண்ணே, நான் செத்தா ஒங்களுக்குத் தீட்டு உண்டா?”

திட்டுவார் என்று நினைத்தேன். இல்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நிலத்துக்குப் பட்டா எண் சொல்வது போல நிதானமாக, “கூடப் பொறந்தவதான? கட்டிக் குடுத்தவளுக்கு மூணு நாள் உண்டு” என்றார். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து போனார்.

மூன்று நாள். நான் ஒரு நாள்கூட இருக்காது என்றுதான் நினைத்திருந்தேன்.