கொம்பனித்தெரு, இரண்டாவது டேக்

வெள்ளவத்தை
5 பெப்ரவரி 2024

ஜெரோம் அங்கிளுக்கு,

இப்ஹாம் எழுதுகிறேன். உங்கள் பழைய பதிவுகளைத் துப்புரவாக்கி, எது எதில் நீங்கள் பியானோ வாசித்தீர்கள் என்று பட்டியல் போடும்படி ரொறன்ரோவில் இருந்து உங்கள் மகள் அனுஷியா அக்கா பிடித்த ஒலிப்பதிவுக்காரன் நான்தான். உங்கள் எண்பதாவது பிறந்தநாளுக்கு இரண்டு டிஸ்க்காக வெளியிட வேண்டுமாம்.

கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. கடைசியாக எழுதியது ஓ.எல். பரீட்சையில், பத்திரிகை ஆசிரியருக்கு, வடிகான் நாற்றத்தைப் பற்றி. உங்களுக்கு மூன்று வருஷமாகக் காது கேட்காது, போனில் வாசிக்கக் கண் கூசும், அதனால் கடிதம்தான் என்று அக்கா சொன்னா. தபால் கந்தோரில் முத்திரை கேட்டதற்கு அங்கிருந்தவர் "மல்லி," என்று சிங்களத்தில் தம்பி முறை வைத்து, "லவ் லெட்டரா?" என்றார். இல்லை, பியானோக்காரர் ஒருவருக்கு என்றேன். ஆள் நம்பவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த நாளில் உங்களைப் பதிவுசெய்தவரின் மகன் வீட்டு அலுமாரியில் இருந்த ஒலிநாடா, இசைத்தட்டு எல்லாவற்றையும் துடைத்துத் தந்துவிட்டார். உங்கள் பெயரில் வந்தது ஒன்றே ஒன்று: 1978ஆம் ஆண்டு எல்.பி. அட்டையில் 'ஜெரோம் செல்லையா, பியானோ' என்று விரல் பருமனில் இருக்கிறது. பின்பக்கம், அந்த ஆளுயர வயலினை வாசித்தவருக்கு எறும்பு சைஸில் 'டபுள் பாஸ்: ரிம்ஸான்'. மற்றவர்களுக்கு நீங்கள் வாசித்தவை இதுவரை முப்பத்தொன்று. பைலா, சிங்களப் படப் பாட்டு, ஹோட்டல் பாடகிகள், ஒரு சவர்க்கார விளம்பரம். அவை ஒன்றிலும் உங்கள் பெயர் இல்லை. உங்கள் இடது கைச் சின்ன விரல் எப்போதும் ஒரு பொட்டு முந்தி விழுகிறது. அதை வைத்துத்தான் பிடித்தேன்.

உள்ளதை எழுது என்று அக்கா சொன்னா. எழுதுகிறேன். மற்றவர்களுக்கு வாசித்ததில் நீங்கள் பெரிய ஆள். சவர்க்கார விளம்பரத்தில் அந்தப் பெண் மூச்சு எடுக்கிற இடத்தில் மூன்றே மூன்று சுரம் வைக்கிறீர்கள். பன்னிரண்டு தரம் கேட்டேன். எல்.பி. அப்படி இல்லை. அதில் நீங்கள் ஓரிடத்திலும் சும்மா இருப்பதில்லை. புது வீட்டில் எல்லாக் கதிரையிலும் தானே ஏறி இருந்து பார்க்கிற ஆள் மாதிரி.

பட்டியல் இணைத்திருக்கிறேன். பிழை இருந்தால் வெட்டிவிட்டு அனுப்புங்கள்.

இப்ஹாம்


கொட்டாஞ்சேனை
12 பெப்ரவரி 2024

அன்புள்ள தம்பி இப்ஹாம்,

சுகமாக இருக்கிறீர் என்று நம்புகிறேன். உமது கடிதம் வெள்ளவத்தையில் இருந்து இங்கே வர ஐந்து நாள். நடந்தே வந்திருந்தாலும் நீர் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கலாம்.

மகள் உம்மைப் பிடித்தது இரைச்சல் எடுக்க, எனக்குப் புள்ளி போட அல்ல. ஆனாலும் சவர்க்காரத்தைக் கண்டுபிடித்தீரே. அரை மணித்தியால வேலை அது. சம்பளத்துக்குப் பதிலாக ஒரு பெட்டி சவர்க்காரம் தந்தார்கள். ஒரு வருஷம் வீட்டில் எல்லாருக்கும் ஒரே வாசம்.

பட்டியலில் பதினேழாவது நான் இல்லை. மற்றவை சரி.

எல்.பி. என்னிடம் இல்லை. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் வீட்டோடு போனது, பியானோவும்தான். என் இசைத்தட்டுகளை நான் வீட்டில் போட்டுக் கேட்கிறவனும் அல்ல. கேட்டால் பிழை மட்டும்தான் காதில் விழும். இப்போது ஒரு காரியத்துக்காகக் கேட்க வேண்டியிருக்கிறது, காது இல்லை.

அதில் இரண்டாம் பக்கம் முதலாவது 'கொம்பனித்தெரு'. ரிம்ஸான் மெட்டுக் கட்டினது, அவன் பிறந்து வளர்ந்த இடம். நடுவில் அவன் தனியாக வாசிக்க ஒரு இடம் உண்டு. தட்டு வந்த கிழமை அவன் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஒரு நிமிஷம் என்னைத் தனிய விட உனக்கு ஏலாமப் போச்சு, என்ன?" என்று கேட்டான். விட்டனான் என்றேன். பொய் சொல்லாதே என்றான். அன்றைக்கே தட்டைப் போட்டுப் பார்த்திருக்கலாம். எனக்கும் கோபம். போடவில்லை. அதற்குப் பிறகு அவன் என்னோடு வாசிக்கவில்லை, கதைக்கவும் இல்லை. நாற்பத்து நான்கு வருஷம். இரண்டு வருஷத்துக்கு முந்தின நோன்பில் மௌத்தாகிவிட்டான். மையத்து வீட்டுக்குப் போனேன். கேற்றடியில் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

தம்பி, அந்த இடத்தில் நான் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்தனான். கை சூடாக இருந்தது கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. கேட்டுச் சொல்லும். வைத்தேனா, இல்லையா? அதை மட்டும் எழுதினால் போதும்.

அன்புடன்,
ஜெ. செல்லையா


வெள்ளவத்தை
20 பெப்ரவரி 2024

ஜெரோம் அங்கிளுக்கு,

இல்லை. நீங்கள் கையை எடுக்கவில்லை.

ரிம்ஸானின் இடம் அறுபத்து நான்கு செக்கன். அதில் பியானோ சும்மா இருப்பது நான்கு செக்கன், அதுவும் தொடக்கத்தில். மிச்சம் முழுக்க நீங்கள் இருக்கிறீர்கள். சத்தமும் குறைவில்லை. அவர் மேலே ஏறுகிற இடத்தில் நீங்களும் கூடவே ஏறுகிறீர்கள், அவர் பாதியில் இறங்கிவிடுகிறார். மூன்று தரம் அளந்து பார்த்தேன்.

ரிம்ஸான் சொன்னது சரி.

அட்டைக்கு உங்கள் பழைய படம் ஒன்று வேண்டும். கோட் போட்டது இருந்தால் நல்லது.

இப்ஹாம்


வெள்ளவத்தை
14 மார்ச் 2024

ஜெரோம் அங்கிளுக்கு,

மூன்று கிழமையாகப் பதில் இல்லை. படமும் வரவில்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று அனுஷியா அக்கா கோல் எடுத்தா.

"நீர் அப்பாவுக்கு என்ன எழுதினீர்? மனுசன் கதிரையை விட்டு எழும்புறார் இல்லையாம்."

உள்ளதைத்தான் எழுதினேன் என்றேன்.

"உள்ளதை எழுதச் சொன்னனான். தூக்குத் தீர்ப்பு எழுதச் சொன்னனானே?"

என் உம்மாவும் கடிதத்தில் என்ன இருந்தது என்று கேட்டா. சொன்னேன். நோன்பு திறக்கிற நேரம். கஞ்சிக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு, தன் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டா. அக்காவின் ஏச்சை விட அது மோசம்.

நான் அளந்தது பிழை இல்லை, அங்கிள். ஆனால் படம் கேட்ட வரியை அதே கடிதத்தில் எழுதியிருக்கக் கூடாது. அது விளங்குகிறது.

இன்னும் ஒரு ரீல் மிச்சம் இருக்கிறது. பூஞ்சணம் பிடித்து, நாடா ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருக்கிறது. மெல்லிய சூட்டில் எட்டு மணித்தியாலம் காயவைத்துத்தான் ஓட்டிப் பார்க்கலாம். இவ்வளவு நாளும் எனக்கு அதற்குப் பொறுமை இருக்கவில்லை. இப்போது சூட்டில் வைத்திருக்கிறேன்.

சாப்பிடுங்கள்.

இப்ஹாம்


வெள்ளவத்தை
2 ஏப்ரல் 2024

ஜெரோம் அங்கிளுக்கு,

ரீல் ஓடியது. இதை நின்று நிதானமாக வாசியுங்கள்.

அது எல்.பி. பதிந்த அதே நாள் நாடா. 'கொம்பனித்தெரு' அதில் இரண்டு தரம் இருக்கிறது. முதலாவது டேக்தான் தட்டில் வந்தது, நான் உங்களுக்கு எழுதியது. இரண்டாவது டேக்கில் ரிம்ஸானின் இடம் வரும்போது பியானோ நிற்கிறது. முழுதாக நிற்கிறது. இரண்டு நிமிஷம் பத்துச் செக்கன், அவர் மட்டும். நீங்கள் கையை மடியில் வைத்தது உண்மை.

ஆகவே உங்கள் ஞாபகத்தில் இருந்தது இரண்டாவது. ரிம்ஸான் தட்டில் கேட்டது முதலாவது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

இதோடு நிறுத்தலாமென்று உம்மா சொன்னா. என்னால் முடியாது. ரீல் பெட்டிக்குள் ஒரு துண்டு இருந்தது: 'டேக் 1 போடவும். டேக் 2 வேண்டாம், பாஸ் நீளம்.' கீழே ஜெ.செ. எழுத்தின் சாய்வு உங்கள் கடிதத்தில் இருக்கிற அதே சாய்வு. தெரிவு செய்தது நீங்கள்தான், அங்கிள்.

என் பிழையையும் எழுதுகிறேன். நீங்கள் கேட்டது கையை எடுத்தீர்களா என்று. நான் ஒரு தட்டைக் கேட்டுவிட்டு, ஒரு நாள் முழுவதற்கும் பதில் எழுதினேன்.

இரண்டாவது டேக்கைத் துப்புரவாக்கிவிட்டேன். அடியில் ஒரு கரண்ட் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. மெஷினில் விட்டு எடுத்தாயிற்று. இப்போது கண்ணாடி மாதிரி.

இப்ஹாம்


கொட்டாஞ்சேனை
9 ஏப்ரல் 2024

அன்புள்ள தம்பி,

அந்தத் துண்டு என்னுடையதுதான். உமது கடிதத்தை வாசித்த பிறகு எல்லாம் வந்துவிட்டது, வர வேண்டாம் என்றாலும்.

பதிவுக்காரர் சொன்னார், ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம்தான், இரண்டாவது டேக்கைப் போட்டால் நீளும், வேறு எங்கேயாவது வெட்டுங்கள் என்று. வெட்டுவதற்கு என்னுடைய நீண்ட சோலோ ஒன்று அடுத்த உருப்படியில் இருந்தது. அதை நான் வெட்டவில்லை. பதினாறு வருஷம் மற்றவர்களுக்கு வாசித்த பிறகு முதல் தரமாக அட்டையில் என் பெயர். ரிம்ஸான் என் நண்பன், அவன் ஒன்றும் நினைக்கமாட்டான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பிறகு அதை மறந்தும் போனேன். கையை மடியில் வைத்ததை மட்டும் மறக்கவில்லை. மனிதன் தனக்கு வசதியான டேக்கைத்தான் வைத்துக்கொள்கிறான் போல.

ஒரு உதவி. ரிம்ஸானின் மனைவி மஸாஹிரா களுபோவிலையில் இருக்கிறா. விலாசம் பின்னால் இருக்கிறது. பெருநாள் முடிந்து போய், இரண்டாவது டேக்கைப் போட்டுக் காட்டும். துண்டைப் பற்றியும் சொல்லும், மறைக்க வேண்டாம். அந்த நாளில் ஞாயிறு தவறாமல் நான் அந்த வீட்டில்தான் வாசித்தேன். என் பழைய பியானோ ஒன்று அங்கேதான் கிடந்தது.

நான் வரவில்லை. வந்தால் அவ எனக்குத் தேத்தண்ணி தருவா. அதை என்னால் குடிக்க ஏலாது.

அன்புடன்,
ஜெ. செல்லையா


வெள்ளவத்தை
24 ஏப்ரல் 2024

ஜெரோம் அங்கிளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை களுபோவிலைக்குப் போனேன். மஸாஹிரா ஆன்ட்டிக்கு எழுபத்தைந்து இருக்கும். காது நல்ல கூர்மை. துண்டைப் பற்றி முதலில் சொன்னேன். "எங்கட அவருக்குத் தெரியும் மகன்," என்றா, ரிம்ஸானைச் சொல்லி. உங்களை அவ இன்னும் அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் சொல்கிறா. "ஜெரோம் நானா வேணுமெண்டு செஞ்ச இல்ல, பேராசைல செஞ்ச எண்டு சொல்லுவார். ஆனா தேடிப் போகமாட்டார். ரெண்டும் ஒரே ரகம்."

பிறகு இரண்டாவது டேக்கைப் போட்டேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டா. முடிந்ததும் என்னைப் பார்த்தா.

"ஜெரோம் நானாட சத்தம் எங்க?"

அந்த இடத்தில் அவர் வாசிக்கவில்லை ஆன்ட்டி, அதுதான் விஷயமே என்றேன்.

"பியானோவ யார் கேட்ட? அவர் முனகுவாரே. எங்கட ஹோல்ல இவர் தனிய வாசிக்கக்குள்ள நானா கண்ண மூடிட்டு முனகிட்டே இருப்பார். நான் குசினில நிண்டு சிரிப்பன். இவர் தனிய வாசிச்சிருந்தா நானா கட்டாயம் முனகியிருப்பார். எங்க அது?"

கரண்ட் இரைச்சல் என்று எழுதினேனே, அதுதான். கேட்டுப் பார்க்காமல் மெஷினில் விட்டேன். அது உங்களைச் சுரண்டி எடுத்துவிட்டது. நல்ல காலம், கை வைக்காத மூலப்பதிவு மடிக்கணினியில் இருந்தது. அதைப் போட்டேன்.

உங்களுக்குக் கேட்காது. ஆகவே இருக்கிறபடி எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கதிரை கிறீச்சிடுகிறது. கையை எடுத்துவிட்டுப் பின்னால் சாய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ரிம்ஸான் அடிக் கம்பியில் தொடங்குகிறார், அவசரம் இல்லை. ஆறாவது செக்கனில் உங்கள் முனகல் வருகிறது. அவர் போகிற வழியே போகிறது, எப்போதும் ஒரு அடி பின்னால். சுரம் அவ்வளவு சுத்தம் இல்லை. ஒரு நிமிஷம் இருபதில் அவர் மேலே ஏறத் தொடங்குகிறார், முதல் டேக்கில் பாதியில் இறங்கினாரே, அதே இடம். அங்கே நீங்கள் முனகலையும் நிறுத்துகிறீர்கள். மூச்சு மட்டும் கேட்கிறது. அவர் தனியாக ஏறுகிறார். உச்சிக்கு வந்து ஒரே ஒரு சுரத்தில் நிற்கிறார், நான்கு செக்கன். அப்போது நீங்கள் சின்னக் குரலில், அவர் சொன்னதை ஒப்புக்கொள்கிற மாதிரி, ஒரு சொல் சொல்கிறீர்கள். "ஓம்."

அவ்வளவுதான். பிறகு பியானோ வருகிறது.

ஆன்ட்டி மூன்று தரம் போடச் சொன்னா. மூன்றாவது தரம் அந்த "ஓம்" வருகிற இடத்தில் சிரித்துவிட்டா, பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தா. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புறப்படும்போது தேத்தண்ணி விஷயத்தையும் சொன்னேன். நீங்கள் சொல்லச் சொல்லவில்லை, தெரியும். அவ சொன்னது: "தேத்தண்ணி குடிக்க ஏலாட்டி பச்சத் தண்ணி குடிக்கட்டும். வரச் சொல்லுங்க."

முனகலை நான் எடுக்கப் போவதில்லை. பட்டியலில் இதை உங்கள் பெயரில் வந்த பக்கத்திலா, மற்றவர்களுக்கு வாசித்த பக்கத்திலா போடுவது என்று எழுதுங்கள்.

இப்ஹாம்


கொட்டாஞ்சேனை
30 ஏப்ரல் 2024

அன்புள்ள தம்பி இப்ஹாம்,

கோட் போட்ட படம் வைத்திருக்கிறேன். பக்கத்தில் நிற்பது ரிம்ஸான். வெட்ட வேண்டாம்.

முதலாவது டேக்கை எடுத்துவிடாதேயும். அது என் பெயரில் வந்தது, என் பெயரிலேயே இருக்கட்டும்.

இரண்டாவதை மற்றப் பக்கத்தில் போடும், சவர்க்காரத்துக்குப் பிறகு. இப்படி எழுதும்:

கொம்பனித்தெரு
ரிம்ஸான், டபுள் பாஸ்
கூட இருந்தவர்: ஜெரோம் செல்லையா

ரிம்ஸானின் பெயர் பெரிய எழுத்தில். என்னுடையது எறும்பு சைஸில் போதும்.

வருகிற ஞாயிறு பத்து மணிக்கு வந்து என்னைக் களுபோவிலைக்குக் கூட்டிக்கொண்டு போம். திரீவீலில் காதுக்குள் கத்த வேண்டாம். ஒரு கொப்பி கொண்டு வாரும். அங்கே மஸாஹிரா சொல்கிறதை எல்லாம், உமது வழக்கப்படி ஒன்றும் விடாமல், எனக்கு எழுதிக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
ஜெரோம்