துரையிடம் நான் சொல்லாமல் விட்டது

அக்கா,

மலையைக் குடைந்து கொண்டுவந்த தண்ணீர் நேற்று நம் கூடலூர் வாய்க்காலுக்கு வந்துவிட்டது. வெடித்துக் கிடந்த மண்ணில் புதுத் தண்ணீர் பட்டு எழுந்த வாடை வீட்டுக்குள்வரை வந்தது. ஊரே மடைக்கு ஓடிற்று. விடுப்பில் வந்திருந்த நான் மட்டும் போகவில்லை. அந்த வாடையோடு உங்கள் முகம் வந்து நின்றது, உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதெல்லாம் முறை வைத்துத்தான் தண்ணீர். உங்கள் முறை வந்த ஒரு காலையில் மண்வெட்டியோடு மடை திறக்கப் போனீர்கள். மேல்வயல்காரர் வழிமறித்து, பத்துப் பேர் பார்க்க, "அறுதலி மூஞ்சியில முழிச்சா பயிர் வெளங்குமா? போடி அங்கிட்டு" என்றார். நீங்கள் அவரைத் தாண்டிப் போய் மடையைத் திறந்து, வயல் நிறையும்வரை நின்று பாய்ச்சிவிட்டுத்தான் வீடு திரும்பினீர்கள். மறுவாரம், வெள்ளைக்காரத் துரை வழக்குக் கேட்கும் பெரியகுளம் கச்சேரியில் பிராது கொடுத்தீர்கள்.

ஊர்ப் பெரியவர்கள் தடுத்தார்கள். ஒரு வார்த்தைக்கா இவ்வளவு தூரம் என்றார்கள். "வார்த்தை வாங்குனவ நானு. பெருசா சின்னதான்னு நீங்க எப்படிச் சொல்லுவீக?" என்று கேட்டீர்களாம். வக்கீல் வேண்டாமா என்றதற்கு, "அங்கன நம்ம தம்பி இருக்கு. நான் சொல்றத அது தொரைகிட்டச் சொல்லும்" என்றீர்களாம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை நான். அம்மா காய்ச்சலில் கிடந்த மாதங்களில் உங்கள் அடுப்பில் வெந்த களியைத் தின்று கம்பம் பள்ளிக்கூடம் போனவன். அந்தப் படிப்பால்தான் கச்சேரியில் குமாஸ்தா ஆனேன். தமிழில் சொல்வதைத் துரைக்கு இங்கிலீசில் சொல்வது என் வேலை.

வழக்கு எடுத்த அன்று காலையிலிருந்தே துரைக்குச் சிடுசிடுப்பு. மேல்வயல்காரர் என்ன சொன்னார் என்று கேட்டார். நீங்கள் சொன்னீர்கள். 'அறுதலி' என்பதை விளக்கத் தாலி அறுப்பதிலிருந்து தொடங்க வேண்டும். காலையில் எதிரே வந்தால் ஆகாது என்பதைச் சொல்ல வேண்டும். புருஷனைத் தின்றவள் என்ற பழியையும் சொல்ல வேண்டும். துரை பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். 'விதவை' என்பதற்கு இங்கிலீசில் உள்ள சொல்லைச் சொன்னேன். அந்த ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொண்டேன்.

துரை நிமிர்ந்து பார்த்து ஒரு கேள்வி கேட்டார். நான் உங்களிடம் திரும்பி, "நீங்க விதவைதானான்னு தொரை கேக்குறாக" என்றேன்.

"ஆமா தம்பி. விதவைன்னு சொன்னதுக்கா ரெண்டு நாளு வண்டியில வந்தேன்? அவன் சொன்னது வேற. நீ இன்னும் ஏன் உசுரோட இருக்கேன்னு கேக்குற சொல்லு அது. அத அப்படியே சொல்லு தொரைக்கு."

நான் துரையிடம், "ஆம் என்கிறாள்" என்றேன்.

உள்ளதைச் சொல்வது குற்றமாகாது என்று துரை பிராதைத் தள்ளிவிட்டார். மேல்வயல்காரரோடு வந்தவர்கள் அங்கேயே சிரித்தார்கள்.

வாசலில் வண்டி பூட்டிக்கொண்டிருந்தார்கள். "நான் அவ்வளவு சொன்னேன். நீ சட்டுனு முடிச்சிட்டியே தம்பி?" என்றீர்கள்.

"அதுக்கு இங்கிலீசுல சொல் இல்லக்கா."

"அவுக ஊர்ல பொம்பளைய வையவே மாட்டாகளா?" என்று கேட்டீர்கள். கேலியில்லை, அறிந்துகொள்ளத்தான் கேட்டீர்கள். பிறகு மெதுவாக, "மேல்வயக்காரனும் பொண்டாட்டியப் பறிகொடுத்தவன்தான். அவனை வையணும்னா நம்ம பேச்சுலயும்தான் சொல் இல்ல" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினீர்கள்.

துரைக்குப் பயந்தேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. எனக்கும் அது சின்ன விஷயமாகவே பட்டது. ஊரில் எல்லார் வாயிலும் புழங்கும் சொல். கோபம் வந்தால் என் அம்மாவே யாரையாவது அப்படி வைவாள். என் மேல் விழாத சொல்லின் கனத்தை நானே நிறுத்து முடித்துவிட்டேன்.

அதுவரை முதுகுக்குப் பின்னால் சொன்னவர்கள் பிறகு முகத்துக்கு நேரே சொன்னார்கள். "கச்சேரியிலயே தப்பில்லைன்னு தொரை சொல்லிட்டாக" என்று சிரித்தார்கள். கிணற்றடியில் பெண்களும் சொன்னார்கள். நீங்கள் மடைக்குப் போவதை நிறுத்தினீர்கள். வயலை வேறொருவருக்கு வாரத்துக்கு விட்டீர்கள். மூன்றாம் வருஷம் காய்ச்சல் வந்தது.

நான் வந்து பார்த்தபோது எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தீர்கள். கேட்க வேண்டியதைக் கேட்டுவிடத்தான் வந்தேன். "வாப்பா. சாப்புட்டியா?" என்றீர்கள். சாப்பிட்டேன் என்று மட்டும் சொன்னேன். பத்து நாளில் ஆள் வந்து நீங்கள் போய்விட்ட சேதி சொன்னான்.

சென்ற மாதம் கடமலைக்குண்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். பிள்ளையில்லாதவள். கொழுந்தன் சந்தையில் வைத்து 'மலடி' என்றானாம். இப்போது வேறு துரை. இதற்கு நேரான சொல் தெரியவில்லை, அவளையே கேளுங்கள் என்றேன். எரிச்சலோடு கேட்டார். அவள் அழுது, நிறுத்தி, மறுபடி சொன்னாள். ஒன்றுவிடாமல் இங்கிலீசில் சொன்னேன். சுருக்கமாகச் சொல் என்று துரை இருமுறை அதட்டினார். நான் சுருக்கவில்லை.

அந்தப் பிராதும் தள்ளுபடிதான் ஆயிற்று.

ஆனால் வெளியே வந்தவள் என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். "நான் சொன்னதெல்லாம் சொன்னீகய்யா. நீக நல்லா இருப்பீக" என்றாள். அந்த வாழ்த்தை ஏற்கவும் முடியவில்லை, வேண்டாமென்று சொல்லவும் வாய் வரவில்லை. அதைச் சுமந்துகொண்டுதான் நடமாடுகிறேன், அக்கா.