உங்கள் கட்டிலில் படுத்திருப்பவர்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

அண்ணன் வீட்டில் சௌகரியமாக இருப்பீர்கள். பிரஷர் மாத்திரை பெட்டியின் இடது ஓரத்தில் இருக்கிறது. மறக்காமல் போடுங்கள்.

தெருவோரத்தில் கிடப்பவர்களுக்கு ஆலய வாசலில் புண் கழுவிக் கட்டக்கூடாது என்று கமிட்டி அனுப்பிய தாளில் உங்கள் கையெழுத்தும் இருந்தது. சரி, வாசலில் கட்டவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லாரையும் நம் வீட்டு முன்னறைக்கே கூட்டி வந்துவிட்டேன். முப்பது வருடம் நர்ஸாக இருந்தவளுக்கு நாற்றம் புதிதா?

காலில் ஆறாத புண்ணோடு வந்த பெரியவரை உங்கள் கட்டிலில் படுக்க வைத்தேன். கூசிப்போய், "ஐயா கோவிச்சுக்க மாட்டாராம்மா?" என்றார்.

"கோவிச்சுக்கிட்டுத்தான் போயிருக்காரு. நீங்க காலை நீட்டுங்க" என்றேன். சிரித்துவிட்டார் மனுஷர்.

ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவிய பகுதியை ஆலயத்தில் எவ்வளவு அழகாக வாசிப்பீர்கள்! எனக்கு அப்படி வாசிக்க வராது. கழுவத்தான் தெரியும்.

"அவங்களா நானான்னு முடிவு பண்ணு" என்று போனில் சொன்னீர்கள். நான் எதையும் முடிவு பண்ணப்போவதில்லை. அவர்களும் வருவார்கள், நீங்களும் வாருங்கள். பெரியவருக்குப் புண் ஆறும்வரை நீங்கள் தரையில்தான் படுக்க வேண்டியிருக்கும். நானும் தரையில்தான் படுக்கிறேன். பக்கத்தில் இடம் இருக்கிறது.

இன்னமும் உங்களுக்கே மனைவியாக இருப்பவள்