நீங்கள் சொல்லச் சொன்னது

ஜூன் 4
துறைமுகக் காவல் அறை

அன்புள்ள சகலைக்கு,

வணக்கம். நம் இருவருக்கும் மாமியார் வீடு ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். எனக்கு இப்போது இன்னொன்றும் கிடைத்திருக்கிறது. இங்கே உபசாரம் பரவாயில்லை, மூட்டைப்பூச்சிதான் தாங்கவில்லை.

விடியும்போது ரோந்துக் கப்பல் பக்கத்தில் வந்து நின்றது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நடுக்கடல், இங்கே யார் வரப்போகிறார்கள் என்று இருந்துவிட்டோம். ஏறி வந்த அதிகாரி நேராகக் கிடங்கைத் திறந்தார். பிடிக்கக்கூடாத குஞ்சுச் சூரை மீன், வெட்டி அடுக்கிய சுறாத் துடுப்பு, எல்லாம் அப்படியே இருந்தது.

"கப்பல் எங்க இருக்குன்னு காட்டுற சிக்னலை ஏன் அணைச்சு வச்சிருந்தீங்க, கேப்டன்?"

"ரிப்பேர் சார்."

சிரித்தார். வானத்திலிருந்து எடுத்த படம் ஒன்றை மேஜையில் போட்டார். நாங்கள் இன்னொரு கப்பலோடு ஒட்டி நின்று மீனை மாற்றுவது அதில் பளிச்சென்று தெரிந்தது.

நீங்கள் கப்பல்களைக் கண்காணிக்கிற அலுவலகத்தில்தானே இருக்கிறீர்கள்? யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். உங்கள் கொழுந்தியாள் அழுதே கரைகிறாளாம்.

உங்கள் இளைய சகலை

ஜூன் 15

அன்புள்ள தம்பிக்கு,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். அந்தப் படத்தை அனுப்பியது நான்தான். திரையில் ஒரு கப்பல் திடீரென்று காணாமல் போனால் அதைத் தேடிப் பிடிப்பதுதான் என் வேலை. உன் கப்பல் என்று தெரிந்தேதான் செய்தேன். வீட்டில் இவள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். தட்டை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. எங்களுக்கு வேண்டியது நீ இல்லை, உன் முதலாளி. சிக்னலை யார் அணைக்கச் சொன்னார்கள், மீன் யாருக்குப் போனது, எல்லாவற்றையும் சொல்லிவிடு. மேலதிகாரியிடம் பேசிவிட்டேன். "அவர் வாயைத் திறக்கட்டும், சாட்சியா எடுத்துக்கிட்டு வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார்.

என்னை நம்பு.

உன் மூத்த சகலை

ஜூலை 2

சகலைக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு உங்கள் கொழுந்தியாள் பார்க்க வந்தாள். "அத்தான் மேல கோபம் இருக்கட்டும். அவர் யோசிக்காம ஒண்ணும் சொல்ல மாட்டார். சொல்லிடுங்க" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

சொல்லிவிட்டேன். கரையிலிருந்து போன் வரும். "கொஞ்ச நாள் தூங்கு" என்பார்கள். நான் சிக்னலை அணைப்பேன். மாட்டேன் என்ற பழைய கேப்டனைப் பாதி வழியிலேயே இறக்கிவிட்டார்கள். முதலாளி பெயர், அவர் தம்பி பெயர், ஒன்றையும் விடவில்லை. கம்பெனி வைத்திருந்த வக்கீல் நடுவிலேயே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். என்னோடு அடைபட்டிருக்கும் துணை கேப்டன், "நீங்க தப்பிச்சீங்க, எங்க பொழப்புல மண்ணு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

இனி எல்லாம் உங்கள் கையில்.

உங்கள் இளைய சகலை

செப்டம்பர் 20

அன்புள்ள தம்பிக்கு,

தீர்ப்பைக் கேட்டதிலிருந்து எழுத உட்காருவதும் எழுந்துவிடுவதுமாக இருக்கிறேன்.

கம்பெனி விலாசத்தில் பூட்டிய ஒற்றை அறைதான் இருந்ததாம். உன் கப்பலைத் தன் பெயரில் பதிந்து கொடி கொடுத்த நாடு, அதைப் பதிவிலிருந்து நீக்கிவிட்டோம் என்று ஒரு வரி எழுதிக் கைகழுவிவிட்டது. முதலாளி இருக்கிற நாடு அவரைத் தர மறுக்கிறது. கடைசியில் நீதிமன்றத்துக்கு மிஞ்சியது நீயும் உன் வாக்குமூலமும்தான். தெரிந்தே அணைத்தேன் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதற்குத்தான் இந்த நான்கு வருடம்.

மேலதிகாரியிடம் கத்தினேன். "ஒரு நம்பிக்கையில சொன்னேன். எழுதியா கொடுத்தேன்?" என்கிறார். இந்த வழக்கைப் பற்றிப் பல நாட்டு அதிகாரிகள் கூடும் கூட்டத்தில் பேச என்னையே அனுப்புகிறார்கள்.

பாப்பா இப்போது எங்கள் வீட்டில்தான். "பெரியப்பா, அப்பா எப்ப வருவாரு?" என்று கேட்டுத் துளைக்கிறாள். அடுத்த மாதம் உன் மனைவியோடு நானும் வருகிறேன். நேரில் பேசுவோம்.

உன் மூத்த சகலை

அக்டோபர் 8

ஐயா,

நீங்கள் வர வேண்டாம். அவள் தனியாக வரட்டும்.

துணை கேப்டனை விட்டுவிட்டார்கள். வாயைத் திறக்காததால் அவன்மேல் ஒன்றும் நிற்கவில்லை. போகிற அன்று என்னிடம் வந்தான். பறிமுதலான எங்கள் கப்பலை ஏலத்தில் எடுத்தவர்கள் அவனையே கேப்டனாகக் கூப்பிட்டிருக்கிறார்களாம். "பெயின்ட் புதுசு, பேரு புதுசு, போன்ல பேசுன குரல் மட்டும் பழசுதாண்ணே" என்றான். கூட்டத்தில் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என்னைப் பிடித்துக் கொடுத்ததற்காக உங்கள்மேல் கோபம் இல்லை. முதல் நாள் இருந்தது, போய்விட்டது. பிடிப்பது உங்கள் வேலை, மாட்டியது என் தப்பு. ஆனால் "என்னை நம்பு" என்று எழுதினீர்களே, அது உங்கள் வேலையில் சேர்த்தி இல்லை.

பாப்பாவிடம் நான் இன்னும் கடலில் இருப்பதாகத்தான் சொல்லி வைத்திருக்கிறோம். கேட்டால் நீங்களும் அதையே சொல்லுங்கள். பொய் சொல்ல வராது என்றால், அவளை அவள் அம்மாவிடம் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தியாளின் கணவன்